வலைக்கண்ணும் மெல்லிய இடைவெளியும்: அன்றும் இன்றும்

1993இல் நான் சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்தபோது எங்கள் சுவா சூ காங்தான் ரயில் பாதையின் கடைசி நிலையம். 1990 மார்ச் 10 அன்று திறந்த கிளைப்பாதை அது. ஜூரோங் ஈஸ்ட்டில் கிளம்பி, புக்கிட் பாத்தோக், புக்கிட் கோம்பாக் தாண்டி இங்கே வந்து நின்றுவிடும். தீவின் மறுபக்கம் ஈசூன் வரை பாதை இருந்தது. நடுவில் ரயில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவுக்குப் போக வேண்டுமென்றால் பேருந்தில் ஏறி, புக்கிட் தீமா சாலை முழுவதையும் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

1996 பிப்ரவரி 10 அன்று யூ டீ, கிராஞ்சி, மார்சிலிங், உட்லண்ட்ஸ், அட்மிரல்டி, செம்பவாங் என்று ஆறு நிலையங்கள் வந்து அந்த இடைவெளி நிரம்பியது. 1999 நவம்பரில் இங்கிருந்து புக்கிட் பாஞ்சாங்குக்கு இலகு ரயில் வந்தது. 2015 டிசம்பரில் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு நேர் ரயில் வந்தது. அன்று பேருந்தில் போன தேக்காவுக்கு இன்று ஒரே ஓர் இடத்தில் ரயில் மாறினால் போதும்.

என் தொழிலும் இடைவெளி பற்றியதுதான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. இரண்டு உலோகப் பரப்புகள் மிக அருகில் நிற்கும்போது நடுவில் இருக்கும் காற்றில் மின்புலம் எப்படிப் பரவுகிறது, எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்று கணக்கிடும் வேலை. இந்த முப்பது ஆண்டுகளில் அந்தக் கணக்கு மாறியிருக்கும் விதம் இந்த ஊர் மாறியதைவிடப் பெரியது. கூடவே நழுவிப்போன ஒன்றும் உண்டு. இரண்டையும் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வலை என்பது என்ன

பள்ளியில் எல்லோரும் படித்த சூத்திரம்தான் அடிப்படை. இரண்டு தகடுகள், அவற்றின் பரப்பு, நடுவில் உள்ள தூரம். பரப்பைத் தூரத்தால் வகுத்து, காற்றின் விடுதிறனால் பெருக்கினால் மின்தேக்குத்திறன் வந்துவிடும். தகடு தட்டையாக, முடிவில்லாமல் நீண்டிருந்தால் இது முழு உண்மை. உண்மையான தகட்டுக்கு விளிம்பு உண்டு, துளை உண்டு, வளைவு உண்டு. அங்கே மின்புலம் பிதுங்கி வெளியே வழியும். அதைப் பிடிக்கச் சூத்திரம் போதாது.

அதற்குத்தான் ஃபைனைட் எலிமெண்ட் முறை. பொருளையும் அதைச் சுற்றியுள்ள காற்றையும் சிறுசிறு முக்கோணங்களாகவோ நான்முகிகளாகவோ வெட்டிக்கொள்கிறோம். இவற்றைத்தான் கூறுகள் என்கிறோம். ஒவ்வொரு மூலையிலும் மின்னழுத்தம் எவ்வளவு என்பது நமக்குத் தெரியாத ஓர் எண். மூலைகளுக்கு நடுவே அது நேர்க்கோடாக ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொண்டு, மொத்த ஆற்றல் மிகக் குறைவாக இருக்கும்படி எல்லா எண்களையும் ஒன்றாகத் தீர்க்கிறோம். இந்த வெட்டும் வேலையைத்தான் மெஷ் போடுவது என்கிறோம். தமிழில் வலை என்றால் சரியாகப் பொருந்தும். மீன்வலையின் ஓட்டையை நம் ஊரில் கண் என்றுதான் சொல்வார்கள். கண் பெரிதானால் சிறுமீன் தப்பும், சிறிதானால் வலை கனக்கும். கணிப்பொறி வலையிலும் நடப்பது அதேதான்.

ஆகவே மின்புலம் வேகமாக மாறும் இடத்தில் கண்ணை நெருக்க வேண்டும், மற்ற இடத்தில் தளர்த்தலாம். சுவா சூ காங்கின் வரைபடத்தைப் பார்த்தாலே இது புரியும். ரயில் நிலையத்தைச் சுற்றி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகள் நெருக்கியடித்து நிற்கும். மேற்கே போகப் போக இடுகாடுகள், விமானப்படைத் தளம், நீர்த்தேக்கங்கள் என்று கட்டங்கள் விரிந்துகொண்டே போகும். நல்ல வலையும் இப்படித்தான், ஒரு பக்கம் நெருங்கி, மெல்ல மெல்ல விரிய வேண்டும்.

மெல்லிய இடைவெளி இந்த ஒழுங்கைக் குலைத்துவிடுகிறது. தகடு ஒரு மில்லிமீட்டர், இடைவெளி இரண்டு மைக்ரான் என்றால் நீளம் இடைவெளியைப்போல் 500 மடங்கு. இடைவெளிக்குள் பொருந்தும்படி கண்ணைச் சிறிதாக்கினால், அதே சிறிய கண்ணைத் தகடு முழுக்கப் பரப்ப வேண்டியிருக்கும்.

அன்று: கையும் கத்தரியும்

இந்த முறையின் வேர் பழையது. 1943இல் கணித அறிஞர் ரிச்சர்ட் கூரன்ட் முக்கோணத் துண்டுகளைக் கொண்டு சமன்பாடு தீர்க்கும் வழியை எழுதினார். 1956இல் விமான இறக்கைகளின் வலிமையைக் கணிக்க டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் நால்வரும் இதைப் பொறியியலுக்குக் கொண்டுவந்தார்கள். 1960இல் கிளஃப் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார். மின்காந்தக் கணக்குக்கு இதை இழுத்துவந்தவர்களில் முதன்மையானவர் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பீட்டர் சில்வெஸ்டர். 1969இல் தொடங்கியது அவர் பணி.

நான் தமிழ்நாட்டில் படித்த காலத்தில் இதெல்லாம் நூலகத்துப் பக்கங்கள்தான். ஆய்வகத்தில் எங்களுக்குக் கிடைத்தது மின்கடத்தும் கறுப்புக் காகிதம். அதில் வெள்ளிப் பூச்சால் தகடுகளை வரைவோம். பேட்டரியை இணைத்து, வோல்ட்மீட்டர் முனையால் புள்ளி புள்ளியாகத் தொட்டு, ஒரே மின்னழுத்தம் உள்ள இடங்களைப் பென்சிலால் கோர்ப்போம். கோடுகள் எங்கே நெருங்குகின்றன, எங்கே விலகுகின்றன என்பது விரலுக்கே பழகிவிடும். இரண்டு தகடுகளுக்கு நடுவே கோடுகள் ஒரே சீராக, இணையாகப் போகும். விளிம்பில் மட்டும் விசிறிபோல் விரியும். மெல்லிய இடைவெளியின் முழுக் கதையும் அந்தக் காகிதத்திலேயே இருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

சிங்கப்பூரில் எனக்குக் கிடைத்த வேலை ஹார்டு டிஸ்க் துறையில். சீகேட் நிறுவனம் 1982இல் இங்கே தொழிற்சாலை தொடங்கியதிலிருந்து அந்தத் துறை வேர்பிடித்து வளர்ந்தது. 1990களின் நடுவில் உலகில் தயாரான ஹார்டு டிஸ்குகளில் ஏறக்குறைய பாதி இந்தச் சிறிய தீவில் உருவானவை. 1992இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் காந்தத் தொழில்நுட்ப ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. அதுவே 1996இல் தரவுச் சேமிப்புக் கழகம் என்ற பெயர் பெற்றது. என்னைப்போல் தமிழ்நாட்டிலிருந்து வந்த பொறியாளர்கள் பலருக்கு அந்தத் துறைதான் முதல் சோறு போட்டது.

என் பங்குக்கு வந்தது ஒரு சோதனைக் கருவி. சுழலும் தட்டுக்கு மேலே வாசிப்புத் தலை எவ்வளவு உயரத்தில் பறக்கிறது என்பதை மின்தேக்குத்திறன் மூலம் அளக்க வேண்டும். அன்றைய உயரம் நூறு நானோமீட்டர் அளவில் இருந்தது. என் மேசையில் இருந்த ஒர்க்ஸ்டேஷனின் நினைவகம் 32 மெகாபைட். அதில் முப்பரிமாண வலை என்பது கனவு. வெட்டுமுகம் ஒன்றை எடுத்து, அதை இருபரிமாணத்தில் வரைந்து, சில ஆயிரம் முக்கோணங்களுக்குள் கணக்கை முடிக்க வேண்டும்.

ஆகவே வலை போடுவதற்கு முன்னால் காகிதமும் பென்சிலும்தான். எங்கே புலம் சீராக இருக்கும்? அங்கே ஒரே அடுக்குக் கூறுகள் போதும். எங்கே விரியும்? அங்கே மட்டும் நெருக்கு. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறதா? பாதியை வெட்டி எறி. இந்த முடிவுகளை எடுக்கவே இரண்டு நாள் ஆகும். பிறகு கணினியில் ஏற்றி இரவு முழுக்க ஓடவிட்டு, காலையில் வந்து பார்ப்போம். எண் கையில் கிடைக்கும்போது அது எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

அதே காலத்தில் அறிஞர்களும் இடைவெளியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். சிறிய மின்மோட்டாரில் சுழலும் பாகத்துக்கும் நிலையான பாகத்துக்கும் நடுவே உள்ள காற்றிடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருப்பது வழக்கம். 1982இல் பிரான்சில் ரசேக்கும் அவருடன் பணியாற்றியோரும் அந்த இடைவெளி முழுவதையும் ஒரே கூறாக வைத்து, உள்ளே சூத்திரத்தால் தீர்க்கும் வழியைத் தந்தார்கள். 1991இல் அமெரிக்காவின் எம்ஐடியில் நேபர்ஸும் வைட்டும் எழுதிய ஃபாஸ்ட்கேப் என்ற மென்பொருள் காற்றுக்கு வலையே போடாமல், உலோகப் பரப்பில் மட்டும் வலை போட்டு மின்தேக்குத்திறனைக் கண்டது.

நம்மவர் ஒருவரையும் இங்கே சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாணத் தமிழரான பேராசிரியர் ரட்ணஜீவன் ஹூலை இலங்கைத் தேர்தல் ஆணைக்குழுவின் முன்னாள் உறுப்பினராகப் பலர் அறிவார்கள். எங்கள் துறையில் அவர் பெயர் அதற்கு வெகு முன்பே நிலைத்துவிட்டது. மின்காந்தக் கருவிகளைக் கணினியால் பகுத்து வடிவமைப்பது பற்றி 1989இல் அவர் எழுதிய நூல் ஒரு தலைமுறைக்குப் பாடம் சொன்னது. 1991இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் ஒரு முக்கியமான எச்சரிக்கையை வெளியிட்டார்கள். கருவியின் வடிவத்தைச் சிறிது சிறிதாக மாற்றி எது சிறந்தது என்று தேடும்போது, ஒவ்வொரு முறையும் வலை புதிதாக விழுந்தால், வலையின் பிழையே பொய்யான பள்ளங்களை உண்டாக்கிவிடும், தேடல் அதில் போய் விழுந்துவிடும் என்பது அது. தீர்வு கண்டுவிட்டோம் என்று நாம் மகிழ்வோம், கண்டது வலையின் கோளாறாக இருக்கும். மெல்லிய இடைவெளியில் இந்த ஆபத்து பல மடங்கு.

இன்று: பொத்தானும் வண்ணப் படமும்

1996இல் ஜொனாதன் ஷூசக் வெளியிட்ட ட்ரையாங்கிள் என்ற நிரல் தரமான முக்கோண வலையைத் தானாகவே போட்டது. அதற்குப் பின் ஜிமெஷ் போன்ற இலவச மென்பொருள்கள் வந்து முப்பரிமாண வலையையும் யார் வேண்டுமானாலும் போடலாம் என்ற நிலையைக் கொண்டுவந்தன. இன்று மாணவர் பையில் இருக்கும் 16 கிகாபைட் மடிக்கணினி, என் பழைய ஒர்க்ஸ்டேஷனைப்போல் 512 மடங்கு நினைவகம் கொண்டது. 1998இல் தொடங்கிய சிங்கப்பூரின் உயர்திறன் கணிமைக் கழகமும், 2015இல் அமைந்த தேசிய மீக்கணினி நிலையமும் ஆய்வாளர்களுக்கு இன்னும் பெரிய வசதியைத் தருகின்றன.

ஆனால் இடைவெளியும் சும்மா இருக்கவில்லை. அதுவும் இளைத்துக்கொண்டே வந்தது. 1956இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் ஹார்டு டிஸ்க்கில் தலைக்கும் தட்டுக்கும் நடுவே சுமார் 20 மைக்ரான் இருந்தது. இன்று படிக்கும் நேரத்தில் தலையின் முனை தட்டிலிருந்து ஓரிரண்டு நானோமீட்டர் தூரத்தில் நிற்கிறது. தலையைத் தாங்கும் ஸ்லைடர் 0.85 மில்லிமீட்டர் நீளம். அதை லட்சம் மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். 85 மீட்டர் நீளமுள்ள ஒரு வீவக புளோக் ஆகிவிடும். அந்த புளோக்கின் முனை தரையிலிருந்து 0.2 மில்லிமீட்டர், அதாவது இரண்டு தாள் கனத்தில் பறக்கிறது.

அந்த இடைவெளியில் நிலைமின் விசை சாதாரணமானதல்ல. தலைக்கும் தட்டுக்கும் அரை வோல்ட் வேறுபாடு இருந்தாலே, இரண்டு நானோமீட்டரில் மின்புலம் மீட்டருக்கு 25 கோடி வோல்ட். அது இழுக்கும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். இரண்டு வேறு பொருள்கள் அருகில் நின்றாலே இப்படிச் சிறு வேறுபாடு தானாக எழும் என்பதால், எதிர் மின்னழுத்தம் கொடுத்து அதைச் சமன் செய்கிறார்கள்.

இதற்கு யோசிக்காமல் வலை போட்டால் என்ன ஆகும்? 0.85க்கு 0.7 மில்லிமீட்டர் முகம் முழுவதும் இரண்டு நானோமீட்டரில் நிற்பதாக வைத்து, அதே அளவுள்ள கனசதுரங்களை ஒரே அடுக்காக அடுக்கினால் ஏறத்தாழ 15,000 கோடி கூறுகள் வரும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் எழுதிவைக்கவே ஒரு டெராபைட்டுக்கு மேல் இடம் வேண்டும். கணினி எவ்வளவு வளர்ந்தாலும் இந்தப் போட்டியில் அது மட்டும் தனியாக வெல்லாது.

லாட் ஒன் நூலகத்து மேசை

எங்கள் புளோக்கில் ஏழாம் மாடியில் ஒரு பெண். பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதி ஆண்டு. கைப்பேசி ஒலிவாங்கிபோல் ஒரு நுண்கருவியை வடிவமைப்பது அவள் திட்டம். "அங்கிள், லேப்டாப் தொங்கிப்போகுது. கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்றாள். ஒரு சனிக்கிழமை லாட் ஒன் கடைத்தொகுதியில் இருக்கும் பொது நூலகத்தில் உட்கார்ந்தோம்.

அவள் எடுத்துக்கொண்டது எளிமையான மாதிரி. ஒரு மில்லிமீட்டர் சதுரத் தகடுகள் இரண்டு, நடுவே இரண்டு மைக்ரான் காற்று. மென்பொருளில் தானியங்கி வலைப் பொத்தானை அழுத்தியிருக்கிறாள். அது இடைவெளிக்குள் நல்ல உருவமுள்ள நான்முகிகளைத் திணிக்கப் பார்த்து, லட்சக்கணக்கில் பெருக்கி, கடைசியில் நினைவகம் போதவில்லை என்று நின்றுவிட்டது. ஒரு மைக்ரான் கனசதுரம் இரண்டு அடுக்கு என்றாலே இடைவெளிக்குள் மட்டும் 20 லட்சம். சுற்றியுள்ள காற்று இன்னும் சேரவில்லை.

பிறகு அவள் கண்ணைப் பெரிதாக்கியிருக்கிறாள். வலை ஒரு நிமிடத்தில் விழுந்தது. விடை 4.7 பிக்கோஃபாரட். கொஞ்சம் நெருக்கினால் 4.6. "எதுதான் சரி அங்கிள்?"

"முதல்ல கணினியை மூடும்மா" என்றேன். நோட்டில் பரப்பைத் தூரத்தால் வகுக்கச் சொன்னேன். 4.43 பிக்கோஃபாரட் வந்தது. விளிம்பில் வழிவது இந்த அளவுகளுக்கு நூற்றில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். அப்படியானால் 4.7 எங்கிருந்து வந்தது? விளிம்பிலிருந்துதான். அங்கே கண் இருபது மைக்ரான் பெரிதாக இருந்ததால், இரண்டு மூன்று மைக்ரானுக்குள் அடங்கிவிட வேண்டிய புலத்தை அது இருபது மைக்ரானுக்கு நீட்டிவிட்டது. இந்த முறையில் கரடான வலை மின்தேக்குத்திறனைக் கூட்டியே காட்டும். நெருக்க நெருக்க மேலிருந்து கீழே இறங்கி வரும். அவள் பார்த்த 4.7, 4.6 அந்த இறக்கம்தான்.

தகடுகளின் நடுப்பகுதியில் மின்னழுத்தம் நேர்க்கோடாக இறங்குகிறது. நேர்க்கோட்டுக்கு ஓர் அடுக்கே போதும். அங்கே உயரம் இரண்டு மைக்ரான், அகலம் இருபது மைக்ரான் உள்ள தட்டையான பட்டகங்களை அடுக்கலாம். தட்டையான கூறு கெட்டது என்று பலர் நினைக்கிறார்கள். 1976இல் பாபுஷ்காவும் அஸீஸும் காட்டியது வேறு. முக்கோணம் ஒல்லியாக இருப்பதால் துல்லியம் கெடுவதில்லை, அதன் ஒரு கோணம் 180 பாகையை நெருங்கி விரியும்போதுதான் கெடுகிறது. ஒழுங்காக அடுக்கிய பட்டகத்தில் அந்த விரிந்த கோணம் வருவதில்லை. தானியங்கி வலை இடைவெளிக்குள் நசுக்கித் தள்ளும் நான்முகிகளில் வந்துவிடுகிறது.

போடாத வலை

இன்னும் ஒரு படி உண்டு. இடைவெளிக்கு வலையே போடாமல் விடுவது. இருபுறமும் மின்காப்புப் பொருள்களாக இருந்து நடுவில் மெல்லிய காற்று என்றால், அந்த இடைவெளியை ஒரு வெறும் பரப்பாகச் சுருக்கிவிடலாம். அந்தப் பரப்பின் இருபுறமும் மின்னழுத்தம் தாவுகிறது. தாவும் அளவைத் தூரத்தால் வகுத்து, விடுதிறனால் பெருக்கினால் குறுக்கே கடக்கும் மின்பாயம் கிடைத்துவிடும். இன்றைய பெரிய மென்பொருள்களில் இதற்கென்றே வசதி இருக்கிறது, பலர் அதைத் திறந்து பார்ப்பதில்லை.

இது புதிய யோசனையும் அல்ல. ஹார்டு டிஸ்க் தலைக்கு அடியில் ஓடும் காற்றைக் கணிப்பவர்கள் அந்தக் காற்றுக்கு வழக்கமாக முப்பரிமாண வலை போடுவதில்லை. 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ், மெல்லிய படலத்தில் குறுக்குவாட்டு மாற்றத்தை முன்கூட்டியே கணக்கில் தீர்த்து, முப்பரிமாணச் சிக்கலை இருபரிமாணத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். அதன் வழியில்தான், வேண்டிய திருத்தங்களோடு, அந்தத் துறை இன்றும் நடக்கிறது.

எல்லையும் உண்டு. இடைவெளி முடியும் விளிம்பில் இந்தச் சுருக்கம் செல்லாது, அங்கே வலை வேண்டும். தகடு நகரும் கருவிகளிலும் கவனம் வேண்டும். மின்னழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால், எளிய வில் மாதிரியில், தகடு இடைவெளியின் மூன்றில் ஒரு பங்கைக் கடந்ததும் நிலைதவறிச் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் நடுவே உள்ள கூறுகள் நசுங்கும். அதைச் சரிசெய்யப் புதிய வலை போட்டால் ஹூல் எச்சரித்த பொய்ப் பள்ளங்கள் எழலாம்.

அன்றைய நாள்கள் பொன்னானவை என்று நான் சொல்லவில்லை. என் இரண்டு நாள் வேலையை அந்தப் பெண் இருபது நிமிடத்தில் முடிக்கிறாள், முப்பரிமாணத்தில் முடிக்கிறாள். அது பெரும் முன்னேற்றம், அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் நினைவகம் பற்றாத காலத்தில் இடைவெளியைப் புரிந்துகொள்ளாமல் ஓர் அடி நகர முடியாது. இன்று புரியாமலே வண்ணப் படம் வந்துவிடுகிறது. சிவப்பும் நீலமுமாக அழகாகத் தெரிவதால் அது சரியென்று ஆகிவிடாது.

பிள்ளைகளுக்கும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும் மூன்று வேண்டுகோள். வலைப் பொத்தானை அழுத்தும் முன் காகிதத்தில் ஒரு தோராய எண்ணை எழுதுங்கள். புலம் எங்கே சீராக இருக்கும், எங்கே விரியும் என்று பென்சிலால் வரைந்து பாருங்கள். விடை வந்ததும் கண்ணை இரண்டு முறை பாதியாக்கி, எண் நிலைக்கிறதா என்று பாருங்கள். இதற்கு மீக்கணினி வேண்டாம், பத்து நிமிடம் போதும்.

அன்று நூலகம் மூடுவதற்கு முன் அவள் மாதிரியை நான்கில் ஒரு பங்காக வெட்டினாள். நடுவில் பட்டக அடுக்கு, விளிம்பில் மட்டும் நெருக்கமான கண். கணினி ஒரு நிமிடத்துக்குள் விடை சொன்னது. நோட்டில் 4.43, திரையில் 4.48. நடுவில் இருந்த 0.05, விளிம்பில் வழிந்த மின்புலம்.